வழுக்காத ஷூவில் விழுந்தவர்

அந்த ஷூ கம்பெனியில் மெஷின் சொன்னால் தலையைச் சொறிவார்கள். மீட்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மீட்டர் என்றால் சுவரில் மாட்டிவைத்த சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தமும் சதையுமான மனுஷன். ஐம்பதைத் தாண்டிச் சில வருஷம் ஆகிறது, தொப்பை கிடையாது, நடையில் ஒரு மிடுக்கு. கம்பெனி செய்வது டென்னிஸ் ஷூ. புது ஷூ ஒன்று தயாரானதும் அதை மாட்டிக்கொண்டு, பின்பக்கத் தகரக் கொட்டகையில் இருக்கிற கோர்ட்டில் ஓடி, நின்று, திரும்பி, சோல் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று சொல்வதுதான் அவர் உத்தியோகம். ஊரில் எல்லாரும் உட்கார்ந்து சம்பாதிக்கிறார்கள், எங்கள் வீட்டில் மட்டும் ஓடிச் சம்பாதிக்கிறார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கலாம், கால் ஓடுகிறவரைக்கும்.

அவர் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தைதான்: பிடிக்குது, வழுக்குது, ஒட்டுது. பிடித்தால் நல்லது. வழுக்கினால் ஆபத்து, அது யாருக்கும் தெரியும். ஒட்டினாலும் ஆபத்துதான், அது பலபேருக்குத் தெரியாது. பந்துக்காக ஓடிவந்து சட்டென்று நிற்கிறவனின் ஷூ, ஒரு விரல் அகலமாவது தரையில் சறுக்கித்தான் நிற்கவேண்டும். அந்த ஒரு விரலையும் கொடுக்காமல் சோல் தரையைக் கவ்விக்கொண்டால், ஷூ நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டான். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது கணுக்காலும் முட்டியும்தான்.

ஷூவைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஏதோ கோடு கோடாக இருக்கும், அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று விட்டிருப்பீர்கள். அழகுக்கு இல்லை ஐயா. மண் கோர்ட்டுக்கான சோலில் மீன்முள் மாதிரி கோடுகள் நுனியிலிருந்து குதிவரை ஓடும். மண் இடுக்கில் சிக்காமல் உதிர்ந்துவிடும், ஆளும் வேண்டிய அளவு சறுக்கி நிற்கலாம். புல்தரைக்கு என்றால் குட்டிக் குட்டியாகக் குமிழ்கள். சிமெண்ட் தரைக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ஒரு மாதிரிக் கோடு, நடுவில் வேறு மாதிரி, பெருவிரலுக்குக் கீழே கால் சுழன்று திரும்ப ஒரு வட்டம். கோட்டைக் கொஞ்சம் ஆழமாக்கினால் ஒரு குணம், நெருக்கிப் போட்டால் ஒரு குணம்.

அந்தக் கோடுகளை வரைகிற அறையில்தான் அவருடைய மருமகள் வேலை பார்த்தாள். முதலில் அவள் வேலைக்கு வந்தாள், அப்புறம்தான் மருமகளானாள். அவள் போட்ட சோல் ஒன்றை ஓடிப் பார்த்துவிட்டு அசந்துபோய், வீட்டுக்கு வந்து மகனிடம் பேச்சை எடுத்தவர் அவர்தான். எல்லாரும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள், இவர் பெண் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மகனும் அந்தப் பெண்ணும் பேசிப் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது, காரியம் முடிந்தது. கம்பெனியில் அவரைச் சார் என்றும் வீட்டில் மாமா என்றும் கூப்பிட அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை.

மீட்டர் என்ற பேர் சும்மா வந்துவிடவில்லை. ஒருமுறை, ஷூவைத் தரையில் இழுத்துப் பிடிமானம் அளக்கிற இழுவை மெஷின் ஆஹா ஓஹோ என்று சான்று கொடுத்த ஒரு ஷூவை இவர் போட்டு நாலு எட்டு வைத்துவிட்டு, ஒட்டுது, இதைப் போட்டுக்கொண்டு யாராவது காலை முறித்துக்கொள்வார்கள் என்றார். மேனேஜர் நம்பவில்லை. சில ஜோடிகளை வெளியே ஆடுகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். வந்தவர்களெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது இந்தப் பேர். அதற்கப்புறம் மெஷின் ஒன்று சொல்லி இவர் ஒன்று சொன்னால், மெஷினைத்தான் ரிப்பேருக்குக் கொடுத்தார்கள். இவ்வளவு நம்பிக்கையை ஒரு மனுஷன் தலையில் ஏற்றிவைத்தால் அவன் என்னதான் செய்வான் சொல்லுங்கள். இறக்கிவைக்க மனசே வராது.

கால் போய்க்கொண்டிருந்தது. அவருக்குத்தான் முதலில் தெரியும். வலியோ வீக்கமோ எதுவுமில்லை. பந்தைக் கண் பார்க்கும், மனசு கிளம்பிவிடும், கால் மட்டும் யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வரும். பந்து மெஷின் எந்த வரிசையில் பந்தை எறியும் என்பது அவருக்கு அத்துப்படி. இடது, வலது, வலது, நடு. அதை வைத்துக்கொண்டு, வலது பக்கம் வரப்போகிறது என்றால் அரை அடி முன்கூட்டியே வலது பக்கம் ஒதுங்கி நிற்க ஆரம்பித்தார். பரீட்சைக் கேள்வி தெரிந்த பையன் மாதிரி. யாரும் கவனிக்கவில்லை. ஆட்டோவில் சூடு வைத்த மீட்டர் என்று சொல்வார்களே, அப்படி ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

அந்தச் சமயம் பார்த்து அணில் வந்து சேர்ந்தாள். இருபத்து மூன்று வயது, நன்றாக ஆடுகிற பெண், வாரத்தில் பாதி நாள் ஷூ சோதிக்க வருவாள். இங்கே இருந்தாள் என்று பார்ப்பதற்குள் அங்கே இருப்பாள், அதனால் அந்தப் பேர். அவளுக்கு இவர்மேல் ஏக மரியாதை. இவருக்கு அவள்மேல் உள்ளூர எரிச்சல், வெளியே புன்னகை. ஒருநாள் டீ குடிக்கும்போது மேனேஜர் பேச்சுவாக்கில், இனி ஓடுகிற வேலையை அணில் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பேக்கிங் பக்கம் மேற்பார்வைக்கு வந்துவிடுகிறீர்களா, நிழலாக இருக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மீட்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தார். அதற்குச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. இன்னும் காலில் தெம்பு இருக்கிறது என்று சிரித்துச் சமாளித்தார்.

பிறகு வந்தது அந்தப் பச்சைப் பொட்டு ஷூ. யார் போட்ட டிசைன் என்று சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, குதியில் ஒரு நிறப் பொட்டு மட்டும் வைத்துத்தான் கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். சிமெண்ட் தரைக்கான ஷூ. மாட்டிக்கொண்டு இரண்டு தடவை குதித்துப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, நல்ல ஷூ. முன்பாதம் தரையோடு பேசுகிற மாதிரி இருந்தது. வாய்வரை வந்துவிட்டது, பிடிக்குது என்று. ஆனால் மேனேஜர் பக்கத்தில் நின்றார். பந்து மெஷின்காரரிடம், ஒரே வரிசையில் போட்டுப் போட்டு எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது, இன்றைக்கு மாற்றிப் போடு என்றார்.

மாற்றிப் போட்டதில் இரண்டாவது பந்தும் இடதுபக்கமே அகலமாக வந்தது. பழக்க தோஷத்தில் அவர் வலதுபக்கம் ஒதுங்கி நின்றிருந்தார். பதறித் திரும்பி ஓடினார். கால் யோசித்துவிட்டு வந்தது. எட்டிப் பிடித்துவிடலாம் என்று இடது காலை எங்கேயோ தூரத்தில் நீட்டி ஊன்றினார். உடம்பு இங்கே, பாதம் அங்கே. அப்படி ஊன்றினால் உலகத்தில் எந்தச் சோலும் நிற்காது. தடால் என்று விழுந்தார். எல்லாரும் ஓடிவந்தார்கள். அணில்தான் முதலில் வந்து கையைப் பிடித்தாள், என்ன சார் ஆச்சு என்று கேட்டாள். அத்தனை பேர் முகமும் அவர் முகத்துக்கு மேலே வட்டமாக நின்றன. அந்த வட்டத்துக்குள் படுத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"வழுக்குது."

ஒரே வார்த்தை. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் குறிப்பு எடுக்கிறவர் குறித்துக்கொண்டார், மேனேஜர் தலையாட்டினார், நல்ல வேளை வெளியே போகவில்லை, மீட்டர் இருக்கிறதால் பிழைத்தோம் என்றார். முதுகில் தட்டிக்கொடுத்தார் வேறே.

சாயங்காலம் வீட்டில் மருமகள் முகம் செத்துக் கிடந்தது. மகனுக்கு வெளியூர் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். மாமியாரும் மருமகளும் மீட்டரும் மட்டும் சாப்பாட்டு மேஜையில். தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, பச்சைப் பொட்டு என்னுடையதுதான் மாமா, முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்பதால் சொல்கிறேன் என்றாள்.

"எந்த இடத்துல வழுக்குச்சு மாமா? குதியா, முன்பாதமா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேஜையில் அவரைத் தவிர இரண்டே பேர், இரண்டு பேரும் அவர் சொந்தம். சொன்னால் என்ன, மனைவி இரண்டு நாள் கிண்டல் செய்வாள், அவ்வளவுதான். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னவனுக்கு அதற்குச் சோறு போட்டு வளர்க்கிற கடமையும் வந்துவிடுகிறதே. அவர் நிபுணர் மாதிரி கண்ணை மூடி யோசித்தார். முன்பாதம்தான், வெளி ஓரம், பக்கவாட்டில் நிற்கும்போது விட்டுவிடுகிறது என்றார். அந்தச் சின்ன வட்டம் வேறு தேவைக்கு மேலே சுழல விடுகிறது என்று ஒரு வரி கூடவே சேர்த்துக்கொண்டார். கேட்காமலே கொடுத்தது.

அவள் நம்பினாள். எப்படி நம்பாமல் இருப்பாள். அடுத்து வந்த நாட்களில் வீட்டிலும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தான் போட்டதில் எங்கே தப்பு என்று அவளுக்கே பிடிபடவில்லை. எனக்குக் கை போயிடுச்சோ என்று ஒருநாள் மாமியாரிடம் கேட்டாளாம். மீட்டர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், தலைகீழாக ஒன்றும் இல்லை, நேராகத்தான் பிடித்திருந்தார், ஆனால் ஓர் எழுத்தும் ஓடவில்லை. வெளி ஓரத்துக் கோடுகளை அவள் ஆழமாக்கினாள். விளிம்பைக் கூராக்கினாள். வட்டத்தைச் சுருக்கினாள். கொஞ்சம் மெத்தென்ற ரப்பர் கேட்டு வாங்கினாள். இவர் சொன்ன பொய்யை அவள் அணு அணுவாகச் சோலில் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

புது ஷூ மஞ்சள் பொட்டோடு வந்தது. மாட்டிக்கொண்டு ஓடினார். விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது என்று சொல்லி, பந்தைப் பக்கத்திலேயே போடச் சொன்னார். பக்கத்திலேயே ஓடி நின்றபோதும் வெளி ஓரத்தில் ஒரு பிடி, லேசாக, சட்டைக்கொக்கி துணியில் மாட்டுகிற மாதிரி தெரிந்தது. பழைய மீட்டராக இருந்தால் அங்கேயே ஷூவைக் கழற்றிப் போட்டிருப்பார். ஒட்டுது என்று சொன்னால், ஏன் சார் போன தடவை வழுக்குதுன்னீங்களே என்று பேச்சு வளரும், பழைய ஷூவை மறுபடி எடு என்பார்கள், அணிலைப் போட்டுப் பார் என்பார்கள். லேசாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிடிக்குது என்றார்.

மறுநாள் அணில் அதே மஞ்சள் பொட்டு ஷூவில், அவள் அளவுக்குச் செய்ததில், முழு வேகத்தில் ஓடினாள். வலதுபக்கக் கோடிவரை போய் நின்றாள். ஷூ நின்றது. அவள் நிற்கவில்லை. கணுக்கால் வெளிப்பக்கமாக மடிந்த சத்தம் கொட்டகையின் மறுகோடியில் இருந்த மீட்டருக்கே கேட்டது. அவள் கத்தக்கூட இல்லை, வாயைத் திறந்துகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எலும்பு தப்பித்தது, தசைநார் கிழிந்துவிட்டது என்றார்கள். அவள் ஒரு பெரிய போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். அதை மறந்துவிட வேண்டியதுதான். கம்பெனியில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு டிசைன் அறைப் பக்கம் பார்த்தார்கள். முதலில் வழுக்குகிற ஷூ, அடுத்தது ஆளை முடமாக்குகிற ஷூ, இரண்டும் ஒரே கை போட்டது. மீட்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயசானவர், மெதுவாக ஓடிப் பார்த்தார், தெரிந்திருக்காது பாவம் என்று அவருக்காக அவர்களே சாக்கும் கண்டுபிடித்துக்கொடுத்தார்கள். மருமகளை வரைகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டு சரக்குக் கணக்குப் பக்கம் போடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அவளோ, என் தப்புதான் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தாளாம்.

மீட்டர் அணிலைப் பார்க்கப் போனார். சின்ன அறை, ஜன்னலோரம் கட்டில், தலையணைமேல் தூக்கிவைத்த கால், முட்டிவரை கட்டு. அவர் போனதும் அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் வலிக்கிறதா என்று கேட்டார். இந்தக் கேள்வியைவிட முட்டாள்தனமான கேள்வி உண்டா. அவள் சிரித்தாள். கவலைப்படாதீங்க சார், எனக்கு யார்மேலும் கோபம் இல்லை என்றாள். அப்புறம், சும்மா, சொல்லவேண்டும் என்றுகூட இல்லாமல் சொன்னாள்:

"எப்பவும் புது ஷூன்னா முதல்ல கொஞ்சம் பயந்துதான் ஓடுவேன் சார். இது நீங்க பிடிக்குதுன்னு சொன்னது. அதான் பயமே இல்லாம ஓடினேன்."

அவர் எழுந்து வந்துவிட்டார். எப்படி வந்தார், எந்தத் தெரு வழியாக வந்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். செருப்பால் அடித்திருந்தால்கூட. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது. உடம்பு முழுக்கக் கூசியது, எதிரே வந்த யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவர் குளியலறை வாசலில் ஈரத்தில் கால்வைத்துத் தடுமாறினார். கதவைப் பிடித்துக்கொண்டு, என்ன கண்றாவி டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், வழுக்குகிறது என்று எரிந்து விழுந்தார். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், கண்ணைத் திறந்து நடந்தால் டைல்ஸ் என்ன செய்யும் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, வழக்கமாக விடுகிற கிண்டல்தான். அவர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். மனுஷன் கேவிக் கேவி அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத காட்சி. எல்லாவற்றையும் அவளிடம்தான் முதலில் சொன்னார். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்திருந்தால் அது அவர் தப்பு. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து கை போயிடுச்சான்னு கேட்டாளே, நீங்க அடுத்த ரூம்ல இருந்தீங்களே என்று மட்டும் கேட்டாள். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காலையில் மீட்டர் நேராக மேனேஜர் அறைக்குப் போனார். நின்றுகொண்டே சொன்னார். பச்சைப் பொட்டு வழுக்கவில்லை, என் கால்தான் பிந்தியது, விழுந்த வெட்கத்தில் பொய் சொன்னேன், மஞ்சள் ஒட்டுவது தெரிந்தும் மறைத்தேன். மேனேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகத்தில் ஒரு கனிவு வந்தது. அந்தக் கனிவுதான் கொன்றது.

"மருமகளுக்காக இவ்வளவு தூரம் யார் சார் வருவாங்க. எனக்கும் அப்படி ஒரு மாமனார் இருந்திருக்கலாம்."

மீட்டர் இல்லை இல்லை என்று மன்றாடினார். மன்றாட மன்றாட அவர் பெருமை கூடிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. அச்சு வார்க்கிற இடத்தில், பசை ஒட்டுகிற இடத்தில், போகிற பக்கமெல்லாம், பார், மருமகள் பேரைக் காப்பாற்றத் தன் பேரையே கெடுத்துக்கொள்கிறார், மனுஷன்னா இவர்தான் என்று எழுந்து நின்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அதைத் தோண்டி எடுத்து நீட்டினால்கூட, உலகம் அதைச் சோறு என்றே சொல்லும்போல. மருமகள் மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாளோ, தனக்காகப் பரிதாபப்பட்டு மாமா பொய் சொல்கிறார் என்று வெட்கப்படுகிறாளோ என்று நினைத்தபோது அவருக்குத் தலை சுற்றியது.

அன்று சாயங்காலம் வேலை முடிகிற நேரம் அவர் கோர்ட்டில் பச்சைப் பொட்டு ஷூவைக் கட்டிக்கொண்டு நின்றார். மேனேஜரைக் கூப்பிட்டிருந்தார். மருமகளைக் கூப்பிட்டிருந்தார். கூப்பிடாதவர்களும் வந்து கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பந்து மெஷின்காரரிடம், அணிலுக்குப் போடுகிற வேகத்தில் போடு, வரிசையை எனக்குச் சொல்லாதே என்றார். வேண்டாம் சார் என்றார் அவர். போடு என்றார் மீட்டர்.

விழுந்து காட்டுவது சுலபம். வேண்டுமென்றே மெதுவாக ஓடலாம், வேண்டுமென்றே தடுக்கி விழலாம். அதுவும் ஒரு பொய்தானே. இந்த ஒரு தடவையாவது நிஜமாக ஓடுவது என்று நினைத்துக்கொண்டார். பல மாதமாக எட்டுகிற பந்துக்கு மட்டும் ஓடி, எட்டாததை விட்டுவிட்டுக் கௌரவமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், வந்த ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்து ஓடினார். இடதுபக்கம் ஒன்று; பிந்திவிட்டார். வலதுபக்கம் ஒன்று, பிந்திவிட்டார். ஓடும்போது வாய் கோணியது, மூச்சு நாய் மாதிரி இரைத்தது, கை முன்னால் நீண்டு காற்றைத் துழாவியது. ஒழுங்காகக் கால் ஊன்ற முடிந்த இடத்தில் எல்லாம் ஷூ கச்சிதமாக, ஒரு விரல் சறுக்கி, நின்றது. பிந்திப் போய் அகட்டி ஊன்றிய இடத்தில் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முதலில் இருந்த சிரிப்பும் பேச்சும் நின்றுபோயின. சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக நழுவிப் போனார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு மீட்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போது புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பந்துகள் இதமாக வருவதை மீட்டர் கவனித்தார். மெஷின்காரர் சொல்லாமலே வேகத்தைக் குறைத்திருந்தார். குறைத்தும் எட்டவில்லை. ஏன் குறைத்தாய், ஏற்று என்று கத்த நினைத்தார், மூச்சு வரவில்லை.

மெஷினின் சத்தம் நின்றது. மருமகள்தான் போய் நிறுத்தியிருந்தாள். நேரே அவரிடம் வந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து முட்டியில் கசிந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஏதாவது சொல்ல மாட்டாளா, நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்க மாட்டாளா என்று காத்திருந்தார். அவள் குனிந்து அவருடைய ஷூ கயிற்றை அவிழ்த்தாள். இடது காலிலிருந்து ஒன்று, வலது காலிலிருந்து ஒன்று. திருப்பினாள்.

சோலில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். வெளி ஓரத்துக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள், பெருவிரலுக்குக் கீழே இருக்கிற வட்டத்தில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எங்கேயும் ஒரு குறை இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நான் சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றாள். அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முகத்தில் அவரை மன்னித்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. கோபமும் இல்லை. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே அவளுக்கு நினைவில் இல்லை. அத்தனை சந்தோஷம். தன் கை தன்னிடமே இருக்கிறது என்று கண்டுகொண்ட ஒருத்தியின் சந்தோஷம் அது. இத்தனை நாளாக இவளிடமிருந்து எதை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. அதுவரை பட்ட வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை.

அவள் இரண்டு ஷூவையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேனேஜரை நோக்கி ஓட்டமாகப் போனாள். மற்றவர்களும் அவள் பின்னால் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். மீட்டர் வெறும் காலுறையோடு கோர்ட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தார். எழுந்துகொள்ள யாராவது கை கொடுத்தால் தேவலை என்று இருந்தது. கேட்க அவருக்கு வாய் வரவில்லை.